கேட் மூடப்பட்டது

கொருக்குப்பேட்டை கேட் பதிவேட்டில்
என் கையெழுத்தைத் தவிர
என்னைப் பற்றி எதுவும் கிடையாது.
14.14 மூடப்பட்டது.
14.31 திறக்கப்பட்டது.
யாரால் என்று கேட்க அதில் கட்டம் இல்லை.

ஸ்டேஷன் மாஸ்டர் ஃபோனில் ஓர் எண் சொல்வார்.
நான் ஓர் எண் சொல்வேன்.
அவருக்குச் சொன்னது கண்ட்ரோல்.
கண்ட்ரோலுக்குச் சொன்னது
எண்ணூர்ப் பக்கமிருந்து கிளம்பிவிட்ட
ஐம்பத்தெட்டு வேகன் நிலக்கரி.
நிலக்கரிக்குச் சொன்னது யார்?
இதற்கு மேல் நூல் பிடித்துப் போனால்
ஷிஃப்ட் முடிந்துவிடும்.

தண்ணி லாரி பூபாலன்
வியாழக்கிழமைதோறும் தண்டையார்பேட்டையில்
வேதாந்த வகுப்புக்குப் போகிறவர்.
கேட்டில் மாட்டிக்கொண்டால் இன்ஜினை அணைத்துவிட்டு
கேபினிலிருந்தே ஆரம்பிப்பார்.
"நீ மூடலை செங்கொடி. மூடறது நடக்குது.
அதைப் பாத்துக்கினு ஒருத்தி இருக்கா பாரு,
அவதான் நீ."
"அப்ப பின்னால முப்பது வண்டி ஹாரன் அடிக்குதே,
அது யாரைத் திட்டுது?"
"அவளைத்தான்."
"அடிக்கிறது?"
"அதுவும் அவளேதான்."
"தன்னையே எதுக்கு இவ்ளோ கெட்ட வார்த்தையில திட்டிக்கிறா?"
சிரித்தார். கேட்டுட்டு வந்து சொல்றேன் என்றார்.
அடுத்த வாரம் கேட் திறந்திருந்தது.
நிற்காமல் போய்விட்டார்.

ஆடிச் செவ்வாய். வெயில்.
சைக்கிளைப் படுக்கவைத்து
கேட்டுக்கு அடியில் நுழைந்தான் ஒரு பையன்.
கேரியரில் சாக்கு போர்த்திய ஐஸ் பார்.
தண்டவாளத்துக்கு நடுவே அது நழுவி விழுந்தது.
அக்கரைக்குப் போய்விட்டவன்
ஐஸுக்காகத் திரும்பி வந்தான்.

யோசித்து ஓடவில்லை.
கால் போய்விட்டது, நான் பிறகு போய்ச் சேர்ந்தேன்.
அவன் காலர் என் கையில் வந்த பிறகுதான்
பிடிக்க வேண்டும் என்று தோன்றியது.
வண்டி போய் முடிந்தபோது
ஜல்லியில் கொஞ்சம் ஈரம், அவ்வளவுதான்.
பூபாலன் அதைக் காட்டி ஏதோ சொல்ல வாயெடுத்தார்.
நான் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

மூன்றாம் நாள் தாள் வந்தது.
பணியிடத்தை விட்டு நீங்கியது ஏன்,
எழுத்து மூலம் விளக்கவும்.

"ஓடினேன்" என்று எழுதி அடித்தேன்.
"ஓட்டம் நிகழ்ந்தது" என்று எழுதினேன்.
பூபாலன் கைதட்டுவார்.
ஆபீஸில் சிரிப்பார்கள்.

சிரிக்கட்டும் என்று விட்டிருப்பேன்.
ஆனால் நாலு வருஷத்துக்கு முன்
இதே கேட், இதே கால்.
ஊதா சட்டை போட்ட ஒருவர்.
விசில் என் வாயிலேயே இருந்தது.
அன்று நின்றேன்.

ஓட்டம் நடந்தது என்றால்
நிற்பதும் நடந்ததுதான்.
ஓட்டத்தை யார் கேட்டாலும் கொடுத்துவிடுவேன்,
எனக்கு மெடல் வேண்டாம்.
நின்றதை மட்டும் கொடுக்க முடியவில்லை.
எல்லாம் ஒன்றென்று சொல்லும் அந்த ஒன்றுக்கும்
அதை வாங்கிக்கொள்ள இடம் இருக்கிறதா தெரியவில்லை.
தூக்கம் வராத இரவுகளில்
பார்த்துக்கொண்டிருப்பவளும் தூங்குவதில்லை.

மறுபடியும் எழுதினேன்: ஓடினேன்.
சொல்லின் வாலில் நான் இருக்கிறேன்.
பிய்த்து எடுத்துப் பார்த்தால்
ஏன் என்கிறது.
நின்றேன். அதிலும் அதே.
தமிழில் எதைச் செய்தாலும்
கடைசியில் இந்தக் கேள்வி ஒட்டிக்கொண்டு வருகிறது,
இத்தனை வருஷம் பேசியும் காதில் விழாமல்.

கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன்.

இன்று காலை ஃபோன் அடித்தது.
எண் சொன்னார். எண் சொன்னேன்.
விஞ்ச்சைச் சுற்றினேன்.
அதே பையன், பேர் டெல்வினாம்,
கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்றான்.
அவனாக நின்றானா, நான் முறைத்ததா,
இல்லை ஐஸின் விலையா,
அவனுக்கே தெரியாது.
சாக்கிலிருந்து அவன் செருப்பில் சொட்டியது.

"சீக்கிரம் தொறக்கா," என்றான்,
"கரையுது."